சிப்பாய்ச் சிவப்பு, அதிகாரிச் சிவப்பு

உடை அறையில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே யாராவது உங்களுக்கு என் கதையைச் சொல்லியிருப்பார்கள். ஒரு தமிழர் இருந்தாராம், ஒரு படை முழுவதற்கும் சாயம் போட்டுக் கெடுத்தாராம் என்று. அந்தக் கதையில் கோட்டுகளின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போகிறது. கடைசியாக நான் கேட்டபோது நாற்பது. ஓய்வு பெற்றவனுக்கு இப்படியாவது ஒரு வளர்ச்சி இருக்கட்டும் என்று பேசாமல் இருந்தேன். ஆனால் இப்போது நீங்கள் புதிதாக வந்திருக்கிறீர்கள். உங்களுக்குச் சரியான கணக்குப் போய்ச் சேர வேண்டும். பதினொன்று. குற்றவாளியே சொல்கிறேன், நம்பலாம்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. ஒஸ்லோவில் ஒரு ஹோட்டலின் சலவை அறையில் பல வருடம் வேலை செய்துவிட்டு, ஒரு நாடக அரங்கின் உடை அறைக்கு வந்திருந்தேன். நிரந்தர வேலை இல்லை. விடுப்பில் போன ஒருவரின் இடத்தை நிரப்பும் தற்காலிக ஆள். இங்கே 'விக்கார்' என்பார்களே, அது. ஊர்ச் சனத்துக்கு இந்த நுணுக்கமெல்லாம் பிடிபடவில்லை. 'அவர் இப்ப நாடகத்திலயாம்' என்று செய்தி பரவிவிட்டது. எல்லிங்ஸ்ருட்டில் ஒரு பிறந்தநாள் விழாவில், ஒரு பெரியவர் என்னை மைக் முன்னால் நிறுத்தி ஒரு வசனம் பேசிக் காட்டச் சொன்னார். முப்பது பாகையில் கம்பளியைத் துவைப்பது எப்படி என்று பேசினேன். கைதட்டினார்கள்.

சிரிப்புக்கு நடுவே ஒரு விஷயம் என் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது. விடுப்பில் போனவர் திரும்பி வரமாட்டார், அந்த இடம் நிரந்தரமாகப் போகிறது என்று ஒரு பேச்சு. யாருக்கு என்பது உடை அறைத் தலைவியின் கையில். என்னைவிடப் பத்து வயது இளையவர், நோர்வேக்காரி, அதிகம் பேசமாட்டார். நோர்வேஜியத்தில் எல்லோருக்கும் 'நீ'தான். ராஜாவைத் தவிர மற்ற எல்லோரும் ஒன்று. அதனால் அவர் பேசியதை நம்முடைய தமிழில் 'நீ' என்றே எழுதுகிறேன். மரியாதைக் குறைவு என்று நினைக்காதீர்கள். எனக்கு அந்த நாட்களில் கிடைத்ததே அதிகம்.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு புதிய நாடகம் மேடையேற இருந்தது. பழைய காலத்துப் பிரித்தானியச் சிப்பாய்களைப் பற்றியது. சிவப்புக் கோட்டு, வெள்ளைக் காற்சட்டை, மார்பில் குறுக்கே வெள்ளைப் பட்டி. எனக்கும் ஒரு நாடகப் பிரதி கொடுத்து வாசிக்கச் சொல்லியிருந்தார்கள். நான் சலவைக்கு வேண்டிய பக்கத்தை மட்டும் வாசித்தேன்: எத்தனை கோட்டு, எத்தனை காற்சட்டை. கதை எதற்கு? அழுக்குக்குக் கதை தெரியாது என்பது என் எண்ணம்.

முதல் காட்சிக்கு ஒரு வாரம் இருக்கும்போது, ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல், பதினான்கு கோட்டுகள் என் அறைக்கு வந்தன. காலரும் கைமடிப்பும் பொத்தானும் இன்னும் தைக்கவில்லை. வெறும் சிவப்பு உடல்கள். ஆடை வடிவமைப்பாளர் அவற்றுக்குத் தன் கையாலேயே சாயம் போட்டுவிட்டு, வார இறுதிக்கு பேர்கனில் உள்ள வீட்டுக்குப் போயிருந்தார். தலைவி தன் குளிர்கோட்டைப் போட்டுக்கொண்டே, "திங்கள் வரைக்கும் இதுகளைப் பாத்துக்கொள்" என்றார். மூன்று மணி. நோர்வேக்காரருக்கு வெள்ளி மூன்று மணி என்றால் உங்களுக்கே தெரியும். காட்டுக்குள் இருக்கும் விடுமுறைக் குடிலுக்குக் கார் தானாகவே திரும்பிவிடும்.

நான் கோட்டுகளை ஜன்னலோரம் கொழுவி, தள்ளி நின்று பார்த்தேன். மூன்று கோட்டுகள் சேவல் கொண்டை மாதிரிப் பளிச்சென்ற சிவப்பு. மற்றப் பதினொன்றும் பழைய செங்கல் மாதிரி மங்கல். ஹோட்டல் சலவையில் என் கண்ணைப் பழக்கியது ஒரே ஒரு சட்டம்தான்: நூறு துவாய் இருந்தால் நூறும் ஒரே வெள்ளை. ஒன்று பழுப்படித்தால் தூக்கி எறி. அந்தக் கண்ணுக்கு இது கோட்டு வரிசையாகத் தெரியவில்லை. ஒரு பெண்ணின் மானம் போகப்போவதாகத் தெரிந்தது. பாவம் அந்த வடிவமைப்பாளர், பதினொரு கோட்டில் சாயம் பிடிக்கவில்லை, கவனிக்காமல் ரயில் ஏறிவிட்டார் என்று நினைத்தேன்.

அன்று பின்னேரம் அம்மருட்டில் எங்கள் வீட்டில், மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்பவர். பதற்றம் அவருக்குத் தொழிலிலேயே கிடையாது.

"ஒருக்கா போன் பண்ணிக் கேளுங்கோவன்."

"கேட்டா, இவனுக்கு ஒண்டும் தெரியாது எண்டு நினைப்பினம்."

"தெரியாதுதானே?"

"உமக்கு விளங்காது. இப்ப என்னைப் பாத்துக்கொண்டிருக்கிற நேரம். சொல்லாமலே செய்து காட்டோணும். அதோட, காட்டுக்குள்ள சிக்னல் இருக்காது."

"அது ஆர் சொன்னது?"

"காடெண்டா அப்பிடித்தான்."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, "ஏன் அந்தாக்கள் சிவப்பிலதான் உடுத்தவை? சண்டைக்குப் போறவன் ஒளிஞ்சு நிக்கிற நிறமெல்லோ போடோணும்?" என்றார்.

அதற்கு என்னிடம் பதில் தயாராக இருந்தது. "ரத்தம் பட்டாத் தெரியக்கூடாதெண்டு. காயத்தைக் கண்டாப் பக்கத்தில நிக்கிறவன் பயந்திடுவான்." எங்கே கேட்டேன், யார் சொன்னார், எதுவும் ஞாபகம் இல்லை. ஆனால் சொல்லும்போது ஒரு பேராசிரியரின் குரல் வந்தது.

மறுநாள் சனிக்கிழமை காலை, யாரும் கூப்பிடாமல், யாரும் சம்பளம் தராமல், சுரங்கரயில் பிடித்துப் போய் அரங்கின் நிலவறையில் இருக்கும் சாய அறையைத் திறந்தேன். ஜன்னல் இல்லாத அறை. கூரையில் ட்யூப் லைட். எப்படிச் செய்தேன் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. அது உங்களுக்குத் தெரியும், தெரியாவிட்டால் என்னிடமிருந்து கற்காமல் இருப்பதே நல்லது. முதல் மூன்று கோட்டுகளைப் போட்டபோது சாயம் நல்ல காரமாக இருந்தது. அடுத்து எட்டையும் போட்டேன். ட்யூப் லைட்டின் கீழே, பளிச்சென்ற மூன்றில் ஒன்றைப் பக்கத்தில் பிடித்துப் பார்ப்பேன். ஒன்றுபோலத் தெரிந்ததும் எடுத்துவிடுவேன். பின்னேரத்துக்குள் பதினான்கு கோட்டும் ஒரே தாய் பெற்ற பிள்ளைகள் மாதிரி நின்றன. வீட்டுக்குப் போகும்போது ரயில் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தேன். நிரந்தர வேலைக்காரனின் முகம்.

திங்கள் காலை தலைவி வந்தார். நான் சாய அறைக் கதவை, கல்யாண மேடையின் திரையை விலக்குகிறவன் மாதிரித் திறந்து வைத்தேன்.

அவர் பார்த்தார். முதல் கோட்டிலிருந்து பதினான்காவது வரை நடந்தார். திரும்பி நடந்தார்.

"இது ஆர் செய்தது?"

"நான்தான்." புன்னகை அப்போதும் என் முகத்தில் இருந்தது. அதை எடுக்க யாரும் சொல்லவில்லை.

"ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. நானாத்தான். சனிக்கிழமை வந்தனான்."

அவர் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. அப்போதுதான் என் புன்னகை இறங்கத் தொடங்கியது.

"இவை ஏன் சிவப்பு உடுத்தவை எண்டு உனக்குத் தெரியுமே?" என்று கேட்டார்.

"ரத்தம் தெரியாமல் இருக்க."

அவர் எழுந்து, மூலையில் கொழுவியிருந்த வெள்ளைக் காற்சட்டையையும் வெள்ளைப் பட்டியையும் எடுத்து என் கையில் வைத்தார். "அப்ப இது?"

நான் கையில் இருந்த வெள்ளையைப் பார்த்தேன். இத்தனை வருடம் சலவை செய்தவன். வெள்ளையில் ரத்தம் எப்படித் தெரியும் என்று உலகத்தில் எனக்குத் தெரியாவிட்டால் வேறு யாருக்குத் தெரியும்? சிவப்புத் துணியிலும் ரத்தம் காய்ந்தால் கறுப்பாகத்தான் நிற்கும். ஹோட்டலில் எத்தனை சிவப்பு மேசை விரிப்புகளில் அதைத் தேய்த்திருக்கிறேன். என் கையே சொல்லியிருக்க வேண்டிய பதிலை நான் காதால் கேட்டு நம்பியிருந்தேன்.

பிறகு அவர் சொன்னார். அதிகம் பேசாதவர் அன்றைக்குத்தான் அவ்வளவு பேசினார். பதினேழாம் நூற்றாண்டில், இங்கிலாந்தின் உள்நாட்டுப் போரில், பாராளுமன்றம் புதிதாக ஒரு படையைத் திரட்டியது. ஆயிரக்கணக்கான பேருக்கு ஒரே மாதிரி உடுப்பு வேண்டும். மலிவாகவும் நிறையவும் கிடைத்த சாயம் ஒரு செடியின் வேரிலிருந்து வரும் சிவப்பு. நம்முடைய மன்னார்ப் பக்கத்துச் சாயவேர் இருக்கிறதே, அதற்கு ஒன்றுவிட்ட தங்கை மாதிரி. அவ்வளவுதான் காரணத்தின் பெரும்பகுதி. வீரமும் இல்லை, ரத்தமும் இல்லை, மலிவு. பிறகு அது பழக்கமாகி, பெருமையாகிவிட்டது. துப்பாக்கிப் புகையில் தன் ஆள் யார் என்று கண்டுபிடிக்கவும் உதவியது. அந்தக் காலத்தில் எதிரெதிரே வரிசையாக நின்று சுட்டார்கள். ஒளிந்து நிற்கிற சண்டை பிறகுதான் வந்தது.

"ஆனா அதிகாரிமார் அந்த மலிவுச் சிவப்பைப் போடமாட்டினம்" என்றார். "அவை தங்கட காசிலை, கள்ளிச்செடியில இருக்கிற ஒரு பூச்சியில எடுத்த சாயம் போட்ட துணி வாங்கித் தைப்பினம். பளிச்செண்ட சிவப்பு. தூரத்திலயே தெரியும், ஆர் சிப்பாய், ஆர் அதிகாரி எண்டு."

எனக்கு மெல்ல மெல்ல வெளிச்சம் வந்தது.

"நீ பிரதி வாசிச்சனியே?"

நான் கையில் இருந்த வெள்ளைப் பட்டியை ஒழுங்காக மடிக்கத் தொடங்கினேன்.

"ஒரு சிப்பாய், செத்துப்போன அதிகாரியிட கோட்டைப் போட்டுக்கொண்டு எழும்பி நிக்கிறான். அந்த நிமிஷத்தில இருந்து எல்லாரும் அவனுக்குக் கீழ்ப்படியினம். கோட்டுக்குத்தான் கீழ்ப்படியினம், அவனுக்கில்லை. அதுதான் நாடகம். சனம் அதை ஒரு சொல்லும் இல்லாமல், நிறத்தில காணோணும்."

நான் பதினான்கு கோட்டுகளைப் பார்த்தேன். ஒரே தாய் பெற்ற பிள்ளைகள். புதன்கிழமை முழு ஒத்திகை, வெள்ளிக்கிழமை முதல் காட்சி. ஒரு நாடகத்தின் கதையையே வாளியில் முக்கி அழித்த முதல் தமிழன் நான்.

"திரும்ப மங்கலாக்கிறன்" என்றேன். "இப்பவே. கொஞ்சம் பச்சை, கொஞ்சம் மண்ணிறம் கலந்தால் வரும். பின்னேரத்துக்குள்ள..." சொல்லிக்கொண்டே அண்டாவுக்குத் தண்ணீர் திறந்துவிட்டேன்.

தலைவி வந்து குழாயை மூடினார். கம்பளி இரண்டு தரம் வெந்துவிட்டது. மூன்றாம் தரம் சுருங்கினால் கோட்டே இல்லை. "நீ ஒரு பிழை அவசரத்தில விட்டிருக்கிறாய்" என்றார். "ரெண்டாவதையும் அவசரத்தில விடாதை." பிறகு தன் கைபேசியை எடுத்து பேர்கனுக்கு அழைத்தார்.

தம்பி தங்கைகளே, அந்த அழைப்புத்தான் அன்றைக்கு எனக்கு அதிகம் வலித்தது. வடிவமைப்பாளர் வரும்வரை தலைவி விஷயத்தை மறைப்பார், ஏதாவது செய்து பார்ப்பார், முடியாதபோது சொல்வார் என்று நினைத்தேன். நான் என்றால் அப்படித்தான் செய்திருப்பேன். அவர் நடந்ததை நாலு வாக்கியத்தில் சொன்னார். என் பெயரைச் சொன்னார். என்னைத் திட்டவும் இல்லை, எனக்காகக் கெஞ்சவும் இல்லை. மறுபக்கத்தில் ஒரே ஒரு கேள்வி, எனக்கும் கேட்டது: "மேடை லைட்டில பாத்தனியோ?"

"இல்லை. இனித்தான்."

அவர் கைபேசியைப் பைக்குள் போட்டார். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். "உனக்கு அங்க குடிலில சிக்னல்..." என்று இழுத்தேன்.

"ஏன், நல்லா இருக்கே. நேற்று அக்காவோட ரெண்டு மணித்தியாலம் கதைச்சனான்."

அதைக் கேட்காமலே இருந்திருக்கலாம்.

"தூக்கு" என்றார். "இஞ்சை நிண்டு அழ வேண்டாம். மேல போய்ப் பாத்திட்டு அழுவம்."

பதினான்கு கோட்டுகளையும் சக்கரம் வைத்த கம்பியில் கொழுவி, சரக்கு லிப்டில் ஏற்றி மேடைக்குத் தள்ளிக்கொண்டு போனோம். அந்த லிப்ட் இரண்டு மாடி ஏற எடுத்த நேரத்தில் நான் ஹோட்டலுக்கு விண்ணப்பக் கடிதம் எழுதி, முத்திரையும் ஒட்டிவிட்டேன், மனதில். மேடையில் விளக்குக்காரர் ஏணியில் நின்று எதையோ திருகிக்கொண்டிருந்தார். தலைவி அவரிடம், சண்டைக் காட்சியின் விளக்கைப் போடச் சொன்னார்.

விளக்கு எரிந்தது. மஞ்சள் கலந்த, சூடான வெளிச்சம்.

நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு கண்ணை மட்டும் திறந்தேன்.

அதிகாரிக் கோட்டுகள் மூன்றும் தணல் மாதிரி எரிந்துகொண்டு நின்றன. என் கோட்டுகளில் எட்டு, நனைந்த செங்கல் மாதிரி, அடக்கமாக, மங்கலாக, தலைகுனிந்து நின்றன. பள்ளிக்கூடப் பிள்ளைகூடப் பிரித்துச் சொல்லும், எது சிப்பாய், எது அதிகாரி என்று.

நிலவறை ட்யூப் லைட்டுக்குச் சிவப்பைக் காட்டத் தெரியாது. அதன் கீழே, கொஞ்சம் நெருங்கினாலே எல்லாச் சிவப்பும் ஒன்று. நான் அந்தப் பொய் வெளிச்சத்தில் ஒன்றுபோலத் தெரிந்ததும் போதும் என்று நிறுத்தியிருந்தேன். உண்மையில் அந்த எட்டும் பாதி வழிகூடப் போயிருக்கவில்லை. அதாவது, நான் செய்யக்கூடாத வேலையைச் செய்தேன், அதையும் ஒழுங்காகச் செய்யவில்லை. என் வாழ்க்கையில் ஒரு வேலையில் தோற்றதற்காகக் கடவுளைக் கும்பிட்டது அந்த ஒரு நாள்தான்.

தலைவியின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"பிழை விடக்கூட உனக்குச் சரியாத் தெரியேல்லை" என்றார். என்னுடைய பணிக்காலம் முழுவதிலும் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த பாராட்டு அது.

ஆனால் மூன்று கோட்டுகள் மிச்சம் இருந்தன. காரமான சாயத்தில் முதலில் விழுந்த மூன்று. அவை மேடை விளக்கிலும் அதிகாரிகளோடு போட்டி போட்டன. செவ்வாய்க்கிழமை ரயிலில் வந்து இறங்கிய வடிவமைப்பாளர் அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என் முன்னால் வந்து நின்றார்.

"ஏன் செய்தனீ?"

"சாயம் பிடிக்கேல்லை எண்டு நினைச்சன். நாலு பேர் பாத்தா உனக்கு வெக்கமா இருக்குமே எண்டு..."

"எனக்காக வெக்கப்பட்டனீ?"

"ஓம்."

"அடுத்த முறை எனக்காக வெக்கப்படுறதெண்டா, போனில வெக்கப்படு."

இயக்குநர்தான் வழி கண்டுபிடித்தார். அந்த மூன்று கோட்டும் யார் யாருக்கோ, அவர்களை நாடகத்தின் தொடக்கத்திலேயே சுட்டுவிட்டார். புகை எழும்ப, மூன்று பேரும் விழுந்து, புகை அடங்குவதற்குள் இழுத்துச் செல்லப்பட்டார்கள். அவர்களில் ஒரு நடிகருக்கு இரண்டாம் காட்சியில் ஒரு வசனம் இருந்தது, அது போயிற்று. நாடகம் ஓடிய மாதங்கள் முழுக்க அவர் என்னைத் தாழ்வாரத்தில் கண்டால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுவரில் சரிவார். "உன்ர சாயம்தான் என்னைச் சாகடிச்சது" என்பார். நான் அவருக்கு ஒரு கேக் வாங்கிக் கொடுத்தேன். சிவப்பு இல்லாத கேக்.

வெள்ளிக்கிழமை முதல் காட்சிக்கு எனக்கு இரண்டு டிக்கெட் தந்தார்கள். கடைசி வரிசை. மனைவி பக்கத்தில். எட்டுச் செங்கல் சிப்பாய்கள் வந்தார்கள், மூன்று தணல் அதிகாரிகள் வந்தார்கள், என் மூன்று துரதிர்ஷ்டசாலிகள் விழுந்தார்கள். பிறகு மேடை வெறுமையானது. ஒரு சிப்பாய் மட்டும், செத்துக் கிடந்த அதிகாரியின் பக்கத்தில். தன் கோட்டைக் கழற்றினான். அந்தக் கோட்டைப் போட்டான். பேச்சு இல்லை. எழுந்து நின்றான்.

எங்களுக்கு முன் வரிசையில் ஒரு வயதான மனிதர் தன் மனைவியின் காதில் மெதுவாகச் சொன்னார்: "இப்ப இவனை அதிகாரி எண்டு நினைக்கப் போறாங்கள்."

எனக்கு அதுவரை நான் மூச்சு விடாமல் இருந்தது தெரியாது. விட்டபோது கொஞ்சம் சத்தமாகத்தான் போய்விட்டது.

"ஸ்ஸ்" என்றார் மனைவி. "உங்களைத்தான் சுட்டவை எண்டு நினைக்கப்போகினம்." பிறகு கொஞ்ச நேரம் மேடையைப் பார்த்துவிட்டு, "எட்டும் வடிவாத்தான் இருக்கு" என்றார். அதைவிட அதிகம் நான் கேட்கவில்லை.

திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். என் தற்காலிக வேலை மாதக் கடைசியோடு முடிகிறது; அதற்கு ஒன்பது நாள். சாய அறைக்குள் போய் ட்யூப் லைட்டைப் போட்டதும், அண்டாவுக்கு மேலே சுவரில் புதிதாக ஏதோ எழுதியிருந்தது. தடித்த பேனாவால், கொட்டை எழுத்தில், ஒரு தொலைபேசி எண். அதன் கீழே நோர்வேஜியத்தில்: 'குடில். சிக்னல் உண்டு. வெள்ளி, சனி, ஞாயிறு.'

நான் அதைப் படித்துவிட்டு, இது நல்லதா கெட்டதா என்று தெரியாமல் நின்றேன். தலைவி கதவருகே நின்றார்.

"ஒன்பது நாளில போற ஆளுக்கு இது எதுக்கு?" என்று கேட்டேன். கேட்டேவிட்டேன். அந்தக் கட்டடத்தில் நான் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"போற ஆளுக்கு எண்டு ஆர் சொன்னது?" என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போய்விட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை நாலரை மணிக்கு அந்த எண்ணை அழைத்தேன். வெள்ளைக் கையுறைகளை நாற்பதில் துவைக்கவா, அறுபதில் துவைக்கவா என்று கேட்டேன். எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். சும்மா, கேட்டால் எப்படி இருக்கும் என்று பார்க்கத்தான். வானம் இடியவில்லை. "நாப்பது" என்றார். "நல்ல வார இறுதி" என்றார்.

பிறகு அந்தச் சுவருக்கு இரண்டு தரம் வர்ணம் பூசிவிட்டார்கள்; அந்த எண்ணை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றிப் பூசினார்கள். இப்போது அதன் கீழே என் எண்ணும் இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் நான் வீட்டில் சோபாவில் தூங்கிக்கொண்டுதான் இருப்பேன். எழுப்புங்கள். எவ்வளவு முட்டாள்தனமான கேள்வியாக இருந்தாலும் சரி. என்னிடம் பதினொரு கோட்டு இருக்கிறது, நீங்கள் என்னை முந்தமுடியாது.

கேட்பதற்கு முன்னால் ஒன்றே ஒன்று: துணியைத் தூக்கிக்கொண்டு மேடைக்கு ஏறிப் பார்த்துவிட்டு அழையுங்கள். அந்த ட்யூப் லைட்டை இன்னமும் மாற்றவில்லை.